அடுத்தவர் காதின் ஈரம்

என் ஓரகத்தியைத் தொழிற்சாலையில் எல்லோரும் ‘ச்சீ அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருமுறை மேனேஜரே ஒலிபெருக்கியில் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. “ச்சீன்னு சொல்ல வேண்டியதைப் பார்த்தா ச்சீன்னுதானே வரும்? ஆகான்னா வரும்?” என்பாள்.

நாங்கள் இருவரும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். அவள் மூத்தவருக்கு, நான் இளையவருக்கு. இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே குளியலறை. அதில் எல்லோருடைய சோப்பும் ஒரே தட்டில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், அக்காவுடையதைத் தவிர. அவள் சோப்பு, துண்டு, சொம்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தன் அறைக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருப்பாள். கல்யாணமான புதிதில் தெரியாமல் அந்தத் துண்டில் நான் ஒருநாள் முகம் துடைத்துவிட்டேன். அவள் திட்டவில்லை. என் கண்ணெதிரிலேயே அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கரண்டிக் காம்பால் கிண்டினாள். அதற்குத் திட்டே மேல் என்று தோன்றியது.

பிறகு பழகப் பழக அவளே காரணம் சொன்னாள். பிறந்த வீட்டில் மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே துண்டாம். அப்பா, சித்தப்பா, அண்ணன்மார் எல்லோரும் துடைத்து முடித்த பிறகுதான் அவள் முறை வரும். “துண்டாடி அது? செத்த எலி மாதிரி இருக்கும். அதால மூஞ்சியத் துடைச்சா யாரோ நக்கிவிட்ட மாதிரி இருக்கும். கல்யாணம்னு சொன்னதும் நான் முதல்ல கேட்டது என்ன தெரியுமா? எனக்குன்னு ஒரு துண்டு குடுப்பாங்களான்னு.”

நாங்கள் வேலை பார்ப்பது, எஃகுத் தகட்டை அச்சில் வைத்து அழுத்திப் பாத்திரம் கழுவும் தொட்டிகள் செய்யும் தொழிற்சாலை. நான் பேக்கிங் பகுதி. அவள் பிரஸ் கூடத்தில் மெஷின் ஓட்டுகிறாள். ஒரு வீட்டு உயரம் இருக்கும் அந்த மெஷின், தகட்டின் மேல் இறங்கும்போது சத்தம் காதுக்குக் கேட்பதற்கு முன் பல்லுக்குக் கேட்கும். கூடத்தில் வரிசையாக நிற்கும் அத்தனை மெஷினும் ஒன்று மாற்றி ஒன்று இறங்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவர் வாய் அசைவதைப் பார்த்துத்தான் பேசுகிறார் என்றே தெரியும்.

முன்பெல்லாம் காதுக்குள் திணித்துக்கொள்ள ரப்பர் நுரையில் சின்னச் சின்ன அடைப்பான்கள் கொடுத்தார்கள். அதைப் போட்டால் மெஷினும் கேட்காது, மனுஷனும் கேட்காது. ஒருநாள் தகடு சுமந்து போன தொழிலாளி ஒருவருக்குப் பின்னால் வந்த, சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஹாரன் கேட்காமல் போக, அவருடைய குதிகால் சக்கரத்தடியில் நசுங்கியது. அதற்குப் பிறகுதான் கம்பெனி எலெக்ட்ரானிக் ஹெட்செட்டுகளை வாங்கியது.

நல்ல பொருள்தான் அது. இரண்டு காதையும் மூடிக்கொள்ளும் இரண்டு கிண்ணம், அவற்றைத் தலைக்கு மேல் இழுத்துப் பிடிக்கும் ஒரு வளைவுப் பட்டை. கிண்ணத்தின் வெளிப்புறம் குண்டூசித் தலை போல ஒரு மைக். பக்கத்தில் பேசுவதை, ஹாரன் அடிப்பதை அது உள்ளே அனுப்பும். மெஷின் இடிக்கும் கணத்தில் மட்டும் உள்ளே அனுப்பாமல் நிறுத்திக்கொள்ளும். அப்போது காதைக் காப்பது கிண்ணமும், அதன் விளிம்பில் உள்ள மெத்தையும்தான். மெத்தை தோலோடு தோலாக ஒட்டியிருந்தால்தான் கிண்ணத்துக்கு மதிப்பு.

எல்லாம் சரி. ஆனால் ஒரு ஷிஃப்டுக்குப் போதுமான அளவுதான் வாங்கினார்கள். இரவு ஷிஃப்டு கழற்றிக் கொடுப்பதைக் காலை ஷிஃப்டும், அவர்கள் கழற்றிக் கொடுப்பதை மதிய ஷிஃப்டும் வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும்.

அக்கா மதிய ஷிஃப்டு. அவளுடைய மெஷினைக் காலையில் ஓட்டுபவன் பெயர் ரேடியோ. வாய் மூடாமல் பேசுவதால் வந்த பெயர். முதல் நாள் அவன் தலையிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றி, டீ கொடுப்பதுபோல நீட்டினான்.

“இந்தாங்கக்கா, சூடு ஆறறதுக்குள்ள போட்டுக்கோங்க.”

அவள் விரல் மெத்தையில் பட்டது. மெத்தை வெதுவெதுப்பாக, வழுவழுப்பாக, ஈரமாக இருந்தது. ஓரத்தில் இரண்டு முடி ஒட்டியிருந்தது. ஒன்று நரைத்த முடி, ரேடியோவுக்கோ ஒரு நரைகூடக் கிடையாது. அது எந்தத் தலையிலிருந்து வந்தது என்று யோசித்ததுமே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மெஷின் காத்திருந்தது. மாட்டிக்கொண்டாள். யாரோ ஒருவருடைய காது தன் காதின் மேல் சப்பென்று வந்து ஒட்டியது போல இருந்ததாம்.

“ஆனா ஒண்ணு சொல்லணும்டி,” என்றாள் அன்றைக்கு வீட்டில், காதைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே. “ஒரு இடிக்கும் அடுத்த இடிக்கும் நடுவுல, பக்கத்து மெஷின்காரி ‘நாளைக்கு லீவு போடப் போறேன்’னு முணுமுணுக்கறா, அது கேக்குது! இத்தனை வருஷத்துல அந்தக் கூடத்துல நான் மனுஷக் குரல் கேட்டதே இல்ல. அப்படி ஒரு பொருளை இப்படி நாறடிச்சுக் குடுக்கறாங்களே!”

மறுநாளிலிருந்து அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பழைய பருத்தித் துணியைச் சதுரமாக வெட்டி, மடித்துக் காதின் மேல் வைத்தாள். அதற்கு மேல் குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பி. அதற்கும் மேல் ஹெட்செட். பார்க்கச் சகிக்காது. சூப்பர்வைசர் பார்த்தார், சிரித்தார், போய்விட்டார். பாதுகாப்புக்குப் பொறுப்பு அவர்தான். ஆனால் அது தவறு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினமும் புதுத் துணி, தினமும் துவைத்த தொப்பி. தன் சுத்தம் காப்பாற்றப்பட்டது என்று அக்கா நிம்மதியாக இருந்தாள்.

சில மாதங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அக்கா செய்தித்தாளைச் சுருட்டிக்கொண்டு சுவர் சுவராக அடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா பண்றீங்க?”

“கொசுடி. காலையிலேருந்து காதுகிட்டயே கத்துது. சனியன் கண்ணுல மாட்ட மாட்டேங்குது.”

எனக்கு எந்தக் கொசுவும் கேட்கவில்லை. அவள் வீட்டுக்காரர் பேப்பரை வாங்கி வைத்துவிட்டு, ஜன்னலை அடைத்தார், மின்விசிறியை நிறுத்தினார். வீடு நிசப்தமானது. அக்கா அசையாமல் நின்றாள். பிறகு மெதுவாக இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். பொத்திய பிறகும் கொசு நிற்கவில்லை என்பதை அவள் முகத்தில் பார்த்தேன்.

அந்த வருடம் காது பரிசோதிக்கும் வண்டி தொழிற்சாலைக்கு வந்தபோது அவளை உள்ளே உட்கார வைத்துச் சின்னச் சின்ன ஒலிகளைப் போட்டுக் காட்டினார்கள். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அவள் அழுத்த வேண்டிய பல இடங்களில் அழுத்தவே இல்லை. பரிசோதனை செய்த பெண் வெளியே வந்து, “நீங்க ஹெட்செட்டை எப்படிப் போடறீங்கன்னு காட்டுங்க” என்றாள்.

அக்கா துணியை மடித்து வைத்து, தொப்பி போட்டு, மாட்டிக் காட்டினாள். அந்தப் பெண் தன் சுண்டுவிரலை மெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவில் விட்டாள். விரல் சுலபமாக உள்ளே போனது.

“என் விரலே போகுது. சத்தம் போகாதா?”

“மேடம், அது ஊரான் வேர்வை. நேரா எப்படி மேடம் வெச்சுக்கறது?”

“அருவருப்பாத்தான் இருக்கும். இல்லன்னு சொல்லலை. ஆனா துணி, தொப்பி, தடிச்ச கண்ணாடிக் காம்பு, கத்தையா முடி, இதுல எது நடுவுல வந்தாலும் சந்து விழும். சத்தத்துக்கு அந்தச் சந்து போதும். போன காது திரும்பி வராது. மிச்சம் இருக்கறதையாவது வெச்சுக்கோங்க.”

வீட்டுக்கு நடந்து வரும்போது அக்கா தெரு முனையில் நின்று சொன்னாள்: “அவன் வேர்வையா, என் காதா, ரெண்டுல ஒண்ணைச் சொல்லுன்னு கேட்டுட்டாடி அந்தப் பொண்ணு.”

ஒதுங்கி நிற்க வழியில்லை என்று ஆனதும் அவள் நேராக இறங்கினாள். இறங்கிய வேகத்தில் முதல் காரியம் தப்பாகப் போனது. மறுநாள் சீக்கிரமே போய், ரேடியோ டீ குடிக்கப் போன இடைவெளியில் ஹெட்செட்டை எடுத்து, ஒரு வாளி வெந்நீரில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, முழுதாக முக்கிவிட்டாள். அதன் மைக்கிலிருந்து குமிழி குமிழியாக வந்து, பிறகு நின்றது. ஹெட்செட் செத்துவிட்டது.

சூப்பர்வைசர் கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். “இது என்ன உள்பாவாடையா, வாளியில முக்கி அலசறதுக்கு?” மாற்று ஹெட்செட் வரும்வரை அவளைப் பழைய அடைப்பான்களோடு நிற்க வைத்தார். தப்பு அவளுடையதுதான். ஸ்டோர்காரர் மட்டும் இரக்கப்பட்டு, பெட்டியோடு வந்த விளக்கத்தாளை அலமாரி அடியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார். அதை ஒருவரும் பிரித்ததே இல்லை, மடிப்புக்கூடக் கலையவில்லை.

மாற்று ஹெட்செட் வந்தபோது அதுவும் பழசுதான். வேறு மெஷினிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். ஷிஃப்டு தொடங்குமுன் அக்கா கைகளில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, சாப்பாட்டு அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் உட்கார்ந்தாள். பேக்கிங்கிலிருந்து நானும் போய் நின்றேன்.

மெத்தையை விளிம்போடு பிடித்து இழுத்தாள். பக்கென்று கழன்று வந்தது. வாடை எங்கள் இருவரையும் பின்னுக்குத் தள்ளியது. உள்ளே இருந்த ஸ்பாஞ்சுத் துண்டு ஒரு காலத்தில் கறுப்பாக இருந்திருக்கும். இப்போது அதன் மேல் பழுப்பு நிறத்தில் காதுக் குரும்பி அப்பியிருந்தது. முடி, பொடுகு, உரிந்த தோல். ஸ்பாஞ்சைக் குச்சியால் தூக்கினால், அடியில் ஒரு கரப்பான்பூச்சியின் கால், அதன் பக்கத்தில் பயறு போல ஒரு முட்டைக்கூடு. அக்கா எழுந்து சாக்கடைப் பக்கம் ஓடினாள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து பேட்டரி மூடியைத் திறந்தாள். பேட்டரி ஒழுகி, சளி காய்ந்தது போலப் பச்சையாகப் பொருக்கு கட்டியிருந்தது.

“இதையாடி இத்தனை பேரும் காதுல கவுத்துட்டு நின்னோம்?”

இந்த முறை வாளி இல்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, சொட்டு விழாதபடி ஒட்டப் பிழிந்து, கிண்ணத்தின் உள்ளும் புறமும் துடைத்தாள். மைக் பக்கம் ஈரமே போகாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டினாள். பச்சைப் பொருக்கைச் சுரண்டி எடுத்துப் புது பேட்டரி போட்டாள். பக்கத்தில் ஒருவன், “பெயின்ட் தின்னர் போட்டுத் தேய்ச்சா பளிச்சுனு வரும்க்கா” என்றதற்கு, “மெத்தை வெடிச்சுப் பாளம் பாளமா வரும், பரவாயில்லையா?” என்றாள். தாளில் அப்படித்தான் போட்டிருந்தது. நிழலில் உலர வைத்து, தலையில் மாட்டி, முடியை ஒதுக்கி, விரலை ஓட்டிச் சந்து இல்லையென்று பார்த்துக்கொண்டாள். பிறகு தானே ஒருமுறை கை தட்டினாள். இரண்டு பக்கமும் ஒன்றுபோலக் கேட்டதாகத் தலையாட்டினாள்.

சுற்றி நின்று சிரித்தவர்களில் ஒருத்தி தன்னுடையதைத் திறந்து பார்த்தாள். அப்படியே கீழே போட்டாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் அக்காவுக்கு நிம்மதி வரவில்லை. தினமும் சுத்தம் செய்து வைக்கிறாள். தினமும் ரேடியோவிடமிருந்து திரும்பி வரும்போது வலது பக்க மெத்தையில் ஒரு ஈரம். வேர்வைக்கு நிறம் கிடையாது, இது மஞ்சள். வேர்வைக்கு உப்பு வாடை, இதற்கு அழுகின மீன் வாடை. மெத்தையின் அடியில் பிளேடால் கீறியது போல ஒரு வெட்டும் இருந்தது.

ஷிஃப்டு மாறும் நேரத்தில் ரேடியோவை மறித்துக்கொண்டு நின்றாள்.

“வலது காதைக் காட்டுடா.”

“எதுக்குக்கா? நேரமாச்சு, வீட்டுல...”

“காட்டுன்னேன்.”

அவன் காதில் பஞ்சு இருந்தது. எடுத்தான். பஞ்சோடு சேர்ந்து நூல் போல இழுத்துக்கொண்டு வந்தது சீழ்.

“ரொம்ப நாளாவா?”

“மழைக்காலத்துலேருந்துக்கா. பழசுல வெட்டின மாதிரி இதுலயும் அடியில வெட்டினது நான்தான். பாட்டு கேக்க ஒயரு விட்டேன். இடிச் சத்தத்துக்கு மேல பாட்டு கேக்கணும்னா சவுண்டை முழுசா வெக்கணும், அதுலயே காது கடுக்க ஆரம்பிச்சுது.”

“டாக்டர்கிட்ட போனியா?”

“சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். பஞ்சு வெச்சுட்டு மேல ஹெட்செட்டைப் போடு, வெளியே தெரியாதுன்னாரு. லைன்லேருந்து தூக்கிட்டா என்னக்கா பண்றது? வேற வேலை எனக்கென்ன தெரியும்?”

அவள் மெத்தையை அவன் முன்னால் தூக்கிப் பிடித்தாள். “உன் சீழைத்தான் நான் தினமும் துடைச்சு என் காதுல வெச்சுட்டு நின்னேனாடா?” என்றாள். குரல் எழும்பவே இல்லை. ரேடியோ பஞ்சைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டான்.

அன்றைக்கு வீட்டில் அவள் குளியலறைக்குள் போனவள் வெளியே வரவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் கதவைத் தட்டித் திறந்தபோது காதுமடல் இரண்டும் ரத்தச் சிவப்பாகத் தேய்ந்திருந்தன. இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் கையில்தான் அந்தத் துண்டு இருந்தது, அவளுடைய தனித்துண்டு. வாங்கிக்கொள்ளாமல் தலையை மட்டும் நீட்டினாள். நானே துடைத்துவிட்டேன்.

புது மெத்தை வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் கேட்டாள். “ஆர்டர் போட்டிருக்கு, வரணும்” என்றார். மறுபடி கேட்டபோதும் அதே பதில். “மெத்தை கேட்டா, என்னவோ பட்டு மெத்தை கேட்ட மாதிரி பார்க்கறாரு,” என்றாள் எங்களிடம்.

பெரிய வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆட்கள் தொழிற்சாலையைப் பார்க்க வருகிறார்கள் என்று ஒரு வாரமாகவே சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வரும் நாள் காலையில் எல்லா ஷிஃப்டையும் வரச் சொல்லியிருந்தார்கள். சூப்பர்வைசர் தன் அறை அலமாரியைத் திறந்து ஒரு அட்டைப்பெட்டியை வெளியே எடுத்தார். உள்ளே உறை பிரிக்காத புது மெத்தைகள், ஸ்பாஞ்சுகள், பேட்டரிகள். பெட்டியின் மேல் படிந்திருந்த தூசியைப் பார்த்தாலே அது எத்தனை காலமாக அங்கே இருந்தது என்று தெரிந்தது.

“நீதான் இதுல கைதேர்ந்தவளாச்சே. எல்லாத்துலயும் மாட்டு,” என்றார் அக்காவிடம். “பழசைத் தூக்கி எறிஞ்சுடாதே. ஒரு டப்பால போட்டு வை.”

அக்கா ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, புதிதாக மாட்டினாள். பழைய மெத்தைகள் பிளாஸ்டிக் தொட்டியில் குவிந்தன. சில வெடித்திருந்தன, சில அமுங்கிக் கல்லாகிப் போயிருந்தன, சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. விருந்தாளிகள் வந்தார்கள். ஒருவர் ஹெட்செட்டை மாட்டிப் பார்த்து, “பிரமாதம்” என்று கட்டைவிரலைத் தூக்கினார். சூப்பர்வைசரைப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். போனார்கள்.

கார்கள் வாசலைத் தாண்டியதும் அவர் கூடத்துக்குத் திரும்பி வந்தார். நான் அப்போது லேபிள் கட்டு கொடுக்க அங்கே போயிருந்தேன், என் காதாலேயே கேட்டேன்.

“சரி, புதுசையெல்லாம் கழட்டி உறையில போட்டுடு. பழசை மாட்டிடு. இது அடுத்த தடவைக்கு ஆகும்.”

அக்காவுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். “என்ன சார் சொன்னீங்க?” என்றாள். அவர் மறுபடியும் அதையே, கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

அவள் தொட்டியின் அருகே குனிந்தாள். கையை விட்டுத் தேடி, அடியில் கீறல் போட்ட மெத்தையை எடுத்தாள். கையுறை இல்லை, வெறுங்கை. எழுந்து அவர் முன்னால் வந்தாள்.

“சார், இது ரேடியோ காதுல இருந்தது. அப்புறம் என் காதுல இருந்தது. இதை ஒரே ஒரு தடவை உங்க காதுல வெச்சுக் காட்டுங்க. நான் அத்தனையையும் இந்த நிமிஷமே பழையபடி மாட்டறேன்.”

“ஏய், மரியாதையாப் பேசு.”

“மரியாதையாத்தான் சார் பேசறேன். ரெண்டு கையாலயும் நீட்டிப் பிடிச்சிருக்கேன் பாருங்க.”

அவர் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. மஞ்சள் திட்டும் அதன் நடுவில் ஒட்டியிருந்த முடியும் அவர் மூக்குக்கு நேராக இருந்தன. முகம் ஒரு மாதிரி கோணியது, பின்னால் நகர்ந்தார். அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். அவர் தூணில் முட்டிக்கொண்டு, கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு குமட்டினார். கூடத்தில் மெஷின்கள் நின்றிருந்தன. அவர் குமட்டும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது, ஹெட்செட் போட்டிருந்தவர்களுக்கு இன்னும் தெளிவாக.

“பார்க்கவே முடியலையா சார்? நாங்க போட்டுக்கிட்டோம்.”

பிறகு அவள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய், கழிவு எண்ணெய்ப் பீப்பாயில் தலைகீழாகக் கவிழ்த்தாள். மெத்தைகள் கறுப்பு எண்ணெயில் ஒரு கணம் மிதந்து, குழைந்து, அமுங்கின. இனி யார் நினைத்தாலும் அவற்றை ஒரு காதில் வைக்க முடியாது.

வேலை போய்விடும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். வரிசையில் இருந்த ஒருவரும் மெஷினைத் தொடாமல் நின்றதாலோ, குமட்டியதை அத்தனை பேர் பார்த்துவிட்டதாலோ, அவர் அவளை வெளியே அனுப்பவில்லை. அதைவிட மோசமானதைக் கண்டுபிடித்தார். இனிமேல் அவளுக்கு மெஷின் கிடையாது. எல்லா ஷிஃப்டு ஹெட்செட்டுகளையும் கழற்றி, துடைத்து, பார்த்து வைப்பதுதான் வேலை. ச்சீ அக்காவுக்கு இதைக் கொடுத்தால் ஒரு வாரத்தில் அவளே ஓடிவிடுவாள் என்று கணக்குப் போட்டிருப்பார்.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுபவர், சாதுவான மனிதர். “விட்டுடேன் அந்த வேலையை. நீ ஒருத்தி போகலைன்னா யாரும் பாத்திரம் கழுவாம இருக்கப்போறாங்களா?” என்றார்.

“விட்டா அந்த ஆளு அந்தப் பெட்டியை மறுபடி அலமாரியில வெச்சுப் பூட்டுவான்,” என்றாள். “நினைச்சாலே வாந்தி வருது. அவனை நினைச்சு வர்ற வாந்திக்கு இந்தக் குரும்பியே தேவலை.”

அவள் போனாள். முதல் வாரம் தினமும் வாந்தி எடுத்தாள். இரண்டாவது வாரம் குறைந்தது. அருவருப்பு மட்டும் அவளை விட்டுப் போகவில்லை, அதை வைத்துத்தான் வேலை செய்தாள். எங்கே வாடை அடிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? ஹெட்செட்டுகளைச் சூடான மெஷின் மேல் தொங்க விடுபவனை, இறுக்கமாக இருக்கிறதென்று பட்டையை வெளிப்பக்கமாக வளைத்து லொடலொடவென்று ஆக்குபவனை, சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்து வைத்துக் கரப்பானுக்கு வாடகை வீடு கொடுப்பவனை, பேட்டரியைக் கழற்றாமல் விடுமுறைக்குப் போகிறவளை, ஒருவரையும் விடமாட்டாள். உரித்து எடுத்துவிடுவாள். சந்து விழுகிறதா என்று ஒவ்வொரு தலையாகச் சுண்டுவிரல் விட்டுப் பார்ப்பாள், பார்த்துவிட்டு ஒவ்வொரு முறையும் கை கழுவுவாள்.

பட்டையும் கிண்ணமும் பொதுவாக இருந்துவிட்டுப் போகட்டும், மெத்தையும் ஸ்பாஞ்சும் மட்டும் ஆளுக்கு ஒரு ஜோடி இருக்க வேண்டும் என்று அவள் ஒருநாள் கேட்டாள். ஷிஃப்டு மாறும்போது அவரவர் மெத்தையை மாட்டிக்கொள்வது, கழற்றித் துடைத்து அவரவர் பையில் போட்டுக்கொள்வது. ஆண்கள் முனகினார்கள், அவ்வளவு வேலை யார் பார்ப்பது என்று. அக்கா அவர்கள் நடுவில் நின்று கேட்டாள்.

“பக்கத்துல நிக்கறவன் ஜட்டியைக் கழட்டிக் குடுத்தா, சூடா இருக்குன்னு வாங்கிப் போட்டுக்குவியா?”

“ச்சீ!” என்றான் ஒருவன். கூடமே வெடித்துச் சிரித்தது. அதிலிருந்து அந்தப் பைகளுக்குக் காது ஜட்டி என்றே பெயராகிவிட்டது. யாரும் அடுத்தவருடையதைத் தொடுவதில்லை. அமுங்கிப் போன மெத்தையை மாற்றித் தரச் சொல்லி இப்போது ஸ்டோர் ஜன்னலில் அவர்களே போய் நிற்கிறார்கள்.

சூப்பர்வைசருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறை விருந்தாளிகள் வந்தபோது, வரிசையாகத் தொங்கிய பைகளைக் காட்டி, “இது நான் கொண்டுவந்த ஏற்பாடு” என்று அவர் சொன்னதை நாங்கள் எல்லோரும் கேட்டோம். கைதட்டினார்கள். பிறகு பதவி உயர்வு பெற்று வேறு தொழிற்சாலைக்குப் போனார். அவரை வழியனுப்ப நடந்த கூட்டத்தில் அக்காவுக்கும் ஒரு கேக் துண்டு கொடுத்தார்கள். அவள் அதைத் தட்டோடு அப்படியே ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். ஈ மொய்த்தது.

அவள் காதில் கொசு இன்னும் கத்துகிறது. சில நாள் உரக்க, சில நாள் மெதுவாக. கூட்டமான இடத்தில் யாராவது பேசினால் பாதி விழாது. நாங்கள் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசப் பழகிவிட்டோம்.

ரேடியோவைக் கையோடு இழுத்துக்கொண்டு காது டாக்டரிடம் போனதும் அவள்தான். செவிப்பறையில் ஓட்டை விழுந்து புண்ணாகியிருந்தது. மருந்து போட்டு, அறுவை செய்து, சீழ் நின்றது. வலது காது மட்டும் போனது போனதுதான். அவனைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள், இப்போது என் பக்கத்து மேசை. முன்பு பேசியதில் பாதிதான் பேசுகிறான்.

நேற்றுக்கூட, இடைவேளையில் பெட்டி ஒட்டிய பசைக் கையோடு பிஸ்கட்டைப் பிரித்து வாயில் போடப் போனான். அந்தப் பக்கமாக ஹெட்செட் கூடையோடு வந்த அக்கா நின்றாள்.

“ச்சீ, கையைக் கழுவிட்டுத் தின்னுடா.”

அவன் திரும்பவில்லை. அவள் நின்றது வலது பக்கம். அக்கா கூடையைக் கீழே வைத்தாள், மேசையைச் சுற்றிக்கொண்டு நடந்து, அவனுடைய இடது பக்கம் போய் நின்று, குனிந்து, அதையே மறுபடியும் சொன்னாள்.